தன்வலியும் துணைவலியும்

உலகின்கண் மக்களுயிரைத் தமக்கு அடிமையாக்கிக் கொள்ளும் பொருள்கள் பலவற்றுள்ளும் மது முன்னிற்பது. ஏனைய பொருள்கள் ஒருவனது செல்வத்தையோ காலத்தையோ கவர்ந்தொழியும். மதுவோ, இது நன்று, இது தீது எனப் பகுத்துணரும் அறிவையே முதற்கண் கவர்ந்து, பின்னர் அவ்வறிவு காத்துநின்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொள்ளைகொள்ளும். இதுபற்றியன்றோ திருவள்ளுவனார் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரத்தைத் தனியே வகுத்தருளினார். 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கணும் ஏறத்தாழ 26 இலட்சம் மக்கள் மதுவினால் விளைந்த கேடுகளான் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஆதலின், மதுவின் தீமையை ஈண்டு விரித்தல் வேண்டா. அதனை அறியாதார் யாருமிலர். குடிப்பவனும் அறிவான், பிறரினும் மிக நன்றாக அறிவான்.

யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது வேறொன்று. குடியிற் பல்லாண்டு ஆழ்ந்த ஒருவன் ஒருநாள் அதனை விடுவேனென்று துணிகின்றான். அத்துணிபு பிறந்த நாள்முதல் சில திங்கள்காறும் அவன் நிற்கும் நிலை, கரைக்கும் வெள்ளத்திற்கும் இடைப்பட்ட சேற்றில் நிற்பவன் நிலையை ஒக்கும். அக்காலத்து அவன் எதனைப் பற்றிக்கொண்டு நிற்பது? தன்வலியையோ, துணைவலியையோ? பன்முறை விட்டுப் பன்முறை வீழ்ந்தவனுக்கு 'இம்முறை யான் பிழைப்பேன்' என்னும் நம்பிக்கை உண்டாதற்குத் தக்க காரணம் யாதேனும் உளதோ, அன்றி அந்நம்பிக்கை வெற்றாசையேயோ? இவ்வினா ஒரு நோயாளியை மட்டுமே பற்றியது போலத் தோன்றினும், கட்டுண்ட உயிர் கட்டினின்று நீங்குமாறு யாங்ஙனம் என்னும் பெருவினாவின் ஒரு கூறேயாம். ஆதலின் சைவ நன்மக்கள் இதனைத் தமக்குப் புறம்பென்று ஒதுக்குதல் அமையாது. மேலும், இந்நோயால் வருந்தும் ஒருவரேனும் இல்லாத தெருவும் சுற்றமும் நம்மிடை அரியவாயின.

முதற்கண் அந்நோயின் இயல்பை அறிதல் வேண்டும். மது மூளையின் விரைவை அடக்குவது. நெடுநாள் மிகுதியாகக் குடித்துவரின், மூளை அவ்வடக்கத்திற்கு ஈடாகத் தன் விரைவை மிகுத்துக்கொண்டு, அந்நிலையிலேயே பழகிவிடும். மது திடீரென நின்றவழி, அம்மிகுவிரைவு தடுப்பாரின்றி வெளிப்படும். இறுதியாகக் குடித்த 6 மணி முதல் 24 மணி நேரத்திற்குள் கைந்நடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை, காரணமறியா அச்சம் என்பன தோன்றும். சிலர்க்கு முதலிரண்டு நாட்களில் வலிப்பு உண்டாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் எல்லையிற் சிலர்க்கு, இல்லாதன காண்டலும், நாளும் இடமும் மயங்குதலும், உடல் வெதும்புதலும் கூடிய சன்னி எழும். இஃது உயிர்க்கே இறுதி செய்யவல்லது. ஆகலின், மிகுகுடியுடையானை அறையிலிட்டுப் பூட்டி, 'மனவுறுதியால் நிற்பாயாக' என்று விட்டுவிடுதல் அறியாமையும் கொடுமையுமாம். அக்காலத்திற்கு முதற்றுணை வைத்தியரே. நடுக்கமும் வலிப்பும் தணிக்கும் மருந்தும், மூளைக்கு வருங்கேட்டினைத் தடுக்கும் தையமின் என்னும் வைட்டமினும் அவர் கையாற் பெறற்பாலன.

ஏறக்குறைய ஒரு வாரத்தில் உடம்பு ஒருவாறு அமைதியுறும். சுற்றத்தார் 'தீர்ந்தது' என்று மகிழ்வர். உண்மையில் அப்பொழுதே போர் தொடங்குகின்றது. உறக்கம் செவ்வையாக வாராது. முன்பு இன்பந்தந்த எதுவும் இனியாது. குடிமயக்கில் மறைந்துகிடந்த கடனும், பகையும், நாணமும், மக்கள் முகமும் ஒருங்கே வந்து எதிர்நிற்கும். மாலை ஆறு மணி, ஒரு தெருமுனை, பழைய தோழன் குரல், கையிற் கிடைத்த கூலி ஆகிய இவற்றுள் ஒன்றே போதும், வேட்கை தீப்போல் மூளுதற்கு. இந்நிலை வாரக்கணக்கிலும் திங்கட்கணக்கிலும் நீடிக்கும். நம்பிக்கை வேண்டப்படுவது இக்காலத்தே. அஃது அரிதிற் கிடைப்பதும் இக்காலத்தே.

இனி, இதுபற்றி உலகில் வழங்கும் கொள்கைகள் இரண்டினை எடுத்து ஆராய்வாம்.

ஒருசாரார், "அவன் குடித்தது தன் விருப்பால், விடுதலும் தன் விருப்பாலேயே ஆகற்பாலது, துணை வேண்டுமென்பது கோழைமை" என்பர். இக்கூற்று முறையுடையது போலத் தோன்றினும் ஆராயுங்கால் நில்லாது. என்னை? விருப்பாற்றல் என்பது செயற்குரிய கருவி. அக்கருவியே பழுதுற்றவழி, அதனைக்கொண்டே அதனைச் செப்பனிடுதல் யாங்ஙனம்? கத்தி தன்னைத் தானே தீட்டிக்கொள்ளாது. கண் தன்னுட் புகுந்த துகளைத் தானே எடுத்துக்கொள்ளாது. குடிநோய் கைகால்களைப் பற்றிய நோயன்று. துணிதற்கும் துணிந்தாங்கு நிற்றற்கும் கருவியாயுள்ள அவ்விடத்தையே பற்றிய நோய். அமெரிக்க மருத்துவச் சங்கத்தார் 1956-இல் இதனை ஒரு நோயெனவே ஏற்றுக்கொண்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. தன்வலியொன்றே அமையுமெனின், இன்றளவும் குடியர் செய்த ஆணைகளெல்லாம் நிறைவேறியிருத்தல் வேண்டும். அவர்கள் ஆணையிடாமல் இருந்தாரல்லர். மனைவி தலைமேலும் மக்கள் தலைமேலும் கைவைத்து, உண்மையாகவே கண்ணீர்விட்டு ஆணையிட்டார்கள். இட்ட பொழுது அவை பொய்யல்ல. மறுநாள் மாலையில் நில்லாதொழிந்தன.

மற்றொருசாரார், "எல்லாம் ஊழின் வலி, அவன் தலையெழுத்து அஃது, எவராலும் ஆவதொன்றில்லை" என்பர். இவர் கூற்று முன்னையதினும் கேடுடைத்து. முன்னையோர் நோயாளி தோள்மேல் அளவிறந்த சுமையேற்றினர். இவரோ அவனைச் சுடுகாட்டிற்கே அனுப்பிவிட்டனர். ஊழ் நுகர்ச்சியைத் தருவதேயன்றி, நுகருங்கால் செய்யும் புதுவினையைத் தடுப்பதன்று என்பது நம் சித்தாந்தம் கற்றார் அறிவர். அன்றியும், விடுபட்டு நல்வாழ்வு வாழ்வார் பலர் நம் கண்முன் உளராகலின், விடுபடுதல் இயலாதென்பது காட்சியொடு முரணும்.

அற்றாயின், நோயாளியின் நம்பிக்கைக்கு நிலைக்களன் யாது? இதனை அளவைநெறியால் ஆராய்தல் நன்று. பொருள்களை அறிதற்குக் காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென நம் நூலோர் கொண்டனர். குடியை விடத்துணிந்தவன் தன் வாழ்க்கையைத் தானே நோக்குங்கால் காட்சியளவையாற் காண்பது யாது? பத்துமுறை துணிந்தான், பத்துமுறையும் வீழ்ந்தான். இதனின்று அவன் கருதியறிவது யாது? பதினோராம் முறையும் வீழ்வேன் என்பதே. இக்கருதல் பிழையுடையதென்று சொல்லல் இயலாது; அவன் முன்னுள்ள சான்றுகளையே கொண்டு நோக்கின் அதுவே முறையான முடிபு. ஆகவே அவனது நம்பிக்கையின்மை மடமையன்று, சோம்பலுமன்று; தன்னை மட்டுமே சான்றாகக் கொண்டவன் எய்தும் நேரிய முடிபேயாம். அவனை நோக்கி 'நம்பு, நம்பு' எனப் பன்முறை கூறுதல் பயனின்மைக்குக் காரணமும் இதுவே.

எனவே, நம்பிக்கை அவனுள்ளிருந்து எழுதல் அரிது. வெளியிலிருந்து வருதல் வேண்டும். அஃதும் எத்தகையார் வாயிலாக வருதல் வேண்டும்? மருத்துவர் கூறுவது உண்மை. ஆயினும் அவர் குடித்து வீழ்ந்தவரல்லர். மனைவி கூறுவது அன்பு. ஆயினும் அவள் அவ்வேட்கையை அறியாள். அறவுரை கூறுவார் கூறுவது அறம். ஆயினும் அவர் மேட்டில் நின்று பள்ளத்தை நோக்கிப் பேசுகின்றார். இவனை ஒத்த ஒருவன், இவன் வீழ்ந்த அதே குழியில் இவனினும் ஆழமாக வீழ்ந்தவன், ஒரு மாலைப்பொழுதில் இவன் அருகமர்ந்து, 'எனக்கும் கை நடுங்கியது. யானும் ஆணையிட்டுப் பொய்த்தேன். இன்று குடியாதிருக்கின்றேன்' எனக் கூறுவானாயின், அவ்வுரை ஏனையோர் உரையினின்று வேறாய் நிற்கும். என்னை? அது வெறும் உரையளவை மட்டுமன்று. அவன் உடம்பும் முகமும் காட்சியளவையாய் எதிரே இருக்கின்றன. 'என்போன்றான் ஒருவன் மீண்டான்; ஆதலின் என்போன்றார் மீளல் கூடும்; ஆதலின் யானும் மீளல் கூடும்' என்னும் புதிய கருதலுக்கு அவன் வித்தாகின்றான். இங்ஙனம் மூன்றளவையும் ஒருங்கு கூடிய விடத்துப் பிறக்கும் நம்பிக்கை ஆசையன்று, அறிவேயாம்.

இவ்வுண்மையை மேனாட்டு வரலாறு ஒன்று நன்கு விளக்கும். 1840-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் குடியர் அறுவர், தாமே ஒன்றுகூடி, குடியை விடுவதெனத் தம்முள் உறுதிசெய்து ஒரு கழகம் அமைத்தனர். அவர்கள் தத்தம் வீழ்ச்சியையும் மீட்சியையும் எடுத்துரைத்துப் பிற குடியரை அழைத்தனர். அந்நாட்டிற்குப் பின்னாளில் தலைவராய் விளங்கிய ஆபிரகாம் லிங்கன், 1842-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அக்கழகத்தார் முன்னிலையில் ஆற்றிய உரையில், குடியரை இழித்துரைப்பதனாற் பயனில்லையெனவும், அன்பான சொல்லும் மீண்டவன் தானே கூறும் வரலாறுமே உள்ளத்தை மாற்றவல்லன எனவும் வலியுறுத்தினார். குடிக்கு அடிமையாகாதார் பலரும் அங்ஙனமாயது அவ்வேட்கை தம்மிடத்து இன்மையாலன்றி, மனத்தாலும் ஒழுக்கத்தாலும் பிறரினும் மேம்பட்டிருந்தமையால் அன்று என அவர் கூறியதும் நாம் நெஞ்சிற் பதிக்கத்தக்கது. ஆயினும் அக்கழகம் பல்வேறு பூசல்களிற் சிக்கிச் சில ஆண்டுகளில் தேய்ந்தொழிந்தது.

அவ்வித்து மீண்டும் முளைத்தது 1935-ஆம் ஆண்டிலாம். நியூயார்க் நகரில் பங்குவாணிகத்துறையில் இருந்த வில்லியம் வில்சன் என்பார், குடியாற் செல்வமும் பெயரும் இழந்து, 1934-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மருத்துவமனையிற் சேர்ந்து குடியை விட்டார். அதன்பின் ஐந்து திங்கள் வரை, குடியர் பலரைத் தேடித்தேடி நல்லுரை கூறினார். அவருள் ஒருவரேனும் திருந்தி நின்றிலர். ஆயினும் ஒன்று நிகழ்ந்தது. கூறிய வில்சன் குடியாமல் நின்றார். 1935-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு தொழிற் செய்தியாக ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகருக்குச் சென்றார். அத்தொழில் முறிந்தது. கையிற் பொருளின்றி, அறிந்தார் யாருமின்றி, விடுதியின் முன்கூடத்தில் தனித்து நின்றார். ஒருபுறம் மதுவருந்தும் கூடத்தின் மகிழ்ச்சி ஆரவாரம் கேட்டது. மற்றொருபுறம் தொலைபேசி இருந்தது. தாம் பிழைக்க வேண்டுமாயின், தம்மைப்போன்ற வேறொரு குடிநோயாளியோடு பேசுதல் வேண்டுமென்பது அவர்க்கு அந்நேரத்திற் புலனாயிற்று. அங்குள்ள கிறித்துவக் குருமார் பெயர்ப்பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். அதன்வழியே ஹென்ரியெட்டா சீபர்லிங் என்னும் அம்மையாரை அறிந்தார். அவ்வம்மையார் இல்லத்தில் மறுநாள் இராபர்ட் ஸ்மித் என்னும் அறுவைமருத்துவரைக் கண்டார்.

ஸ்மித் கற்றறிந்த மருத்துவர். குடியின் கேட்டினை நூல்வாயிலாக முற்றும் அறிந்தவர். எனினும் நெடுங்காலம் குடியில் ஆழ்ந்தவர். அறிவின்மையே குடிக்குக் காரணமென்பார் இவர் வரலாற்றை நோக்குவாராக. 15 நிமிடமே இருப்பேனென்று வந்த அவர், ஆறு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்து பேசினார். காரணம் யாதெனின், வந்தவர் அறிவுரை கூறாது தம் வரலாற்றைக் கூறினார். தமக்கு உதவி வேண்டியே தாம் வந்ததாகவும் கூறினார். ஸ்மித் உடனே திருந்திவிட்டாரல்லர். சில வாரங்கழித்து அட்லாண்டிக் சிட்டி நகரில் நிகழ்ந்த மருத்துவர் மாநாட்டிற்குச் சென்றவர் அங்கே மீண்டும் குடித்து வீழ்ந்தார். வில்சன் அவரைக் கைவிட்டிலர். 1935-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்மித் இறுதியாகக் குடித்தார். அதன்பின் 1950-இல் தாம் மறையும்வரை குடித்திலர். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் பெயர்கூறாக் குடிநோயாளர் கூட்டத்தின் பிறந்தநாளாக அக்கூட்டத்தார் கொள்வர். 1939 முதல் ஆக்ரன் நகரத்துச் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சகோதரி இக்னேஷியா என்னும் கன்னித்துறவியாரும் ஸ்மித்தும் சேர்ந்து குடிநோயாளர் பல்லாயிரவரைப் பேணினர். அக்கூட்டம் இன்று ஏறத்தாழ 180 நாடுகளிற் பரவியுள்ளது. கட்டணமில்லை, தலைவன் தொண்டன் என்னும் வேறுபாடில்லை, குடியை விடவேண்டுமென்னும் விருப்பமொன்றே புகுதற்குத் தகுதி.

இவ்வரலாற்றினின்று அறியத்தகுவன இரண்டு. ஒன்று, துணை பெற்றவனேயன்றித் துணை செய்தவனும் அத்துணையால் நின்றான் என்பது. மற்றொன்று, மீண்டும் வீழ்ந்தமை முடிவாகவில்லை என்பது.

இனி, இக்கருத்து நம் சித்தாந்த முறைக்கு ஒத்ததோ எனின், ஒத்ததே என்க. உயிர் தனித்து நிற்கும் இயல்பினதன்று. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. இருளைச் சாரின் இருளாயும், ஒளியைச் சாரின் ஒளியாயும் நிற்கும் கண்போலவும், அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிடத்துக் காட்டும் படிகம்போலவும் உயிர் அமைந்தது என மெய்கண்ட நூல்கள் விளக்கும். இங்ஙனமாகலின், 'ஒன்றனையும் சாராது என் வலியாலேயே நிற்பேன்' என்பது வீரம்போலத் தோன்றினும் உயிரின் இயல்போடு பொருந்தாத செருக்கேயாம். மதுக்கடையைச் சாராதிருத்தற்கு வழி, வெறுவெளியில் நிற்றலன்று, வேறொன்றனைச் சார்தலே. அன்றியும், சிவஞானபோதத்தின் இறுதியாகிய பன்னிரண்டாஞ் சூத்திரம், மலநீக்கம் பெற்ற ஞானியர்க்கும் அடியார் கூட்டத்தோடு மருவுதலை விதித்தது. கட்டு நீங்கியபின்னும் கூட்டம் வேண்டுவது எற்றுக்கெனின், பெருங்காயம் வைத்த பாண்டத்தைக் கழுவிய பின்னும் மணம் எஞ்சுமாறு போல, வாசனை எஞ்சிநின்று மீளவும் தாக்கும் ஆதலின் என்க. ஞானியர்க்கே இஃது இன்றியமையாததாயின், நேற்றுக் குடித்து இன்று விட்டவனை நோக்கி 'நீ தனியே நில்' என்று கூறுதல் தகுமோ?

ஈண்டு எழற்பாலனவாகிய தடைகள் சிலவற்றிற்கும் விடை கூறுவாம்.

"திருவள்ளுவனார் சிற்றினஞ்சேராமை கூறினாரன்றோ? குடியன் குடியரோடு கூடுவது சிற்றினத்தைச் சேர்வதாகாதோ?" எனின், அற்றன்று. இனத்தின் சிறுமையும் பெருமையும் அவ்வினத்தார் எங்கிருந்து வந்தனர் என்பதால் அமைவனவல்ல. எங்கு நோக்கிச் செல்கின்றனர் என்பதால் அமைவன. ஒரே தெருவிற் பிறந்த இருவர், ஒருவர் மதுக்கடை நோக்கியும் மற்றவர் அதற்குப் புறங்காட்டியும் நடப்பாராயின், பிறப்பொன்றாயினும் இனம் வேறே. மீண்டவனைப் பழைய பெயராலேயே அழைத்து விலக்குவார், அவனைப் பழைய இனத்திற்கே திருப்பியனுப்புவாராவர்.

"யான் வலியிலேன் என ஒப்புக்கொள்ளச் செய்வது அவனைப் பொறுப்பினின்று விடுவிப்பதாகாதோ?" எனின், ஆகாது. கண் தானே காணமாட்டாது, விளக்கொளி வேண்டும் என்றல், கண்ணைத் திறக்க வேண்டுவதின்று என்றல் அன்று. விளக்கு எரிய இமையை மூடியிருப்பானைக் காண்பிப்பார் யார்? மருத்துவரிடம் செல்லுதலும், கூட்டத்திற்கு வருதலும், வேட்கை மூண்டபொழுது ஒருவரை அழைத்துக் கூறுதலும், தான் கெடுத்தவற்றை இயன்றவரை ஈடுசெய்தலும் அவன் கடனே. வலியில்லை என்றறிதல் சோம்புதற்கு வாயிலன்று, கைநீட்டுதற்கு வாயில்.

"துணையைச் சார்தலும் ஒரு கட்டன்றோ?" எனின், கட்டென்பது உயிரைச் சுருக்குவது, சார்பென்பது உயிரை விரிப்பது. மதுவைச் சார்ந்தவன் மனைவியை இழந்தான், தொழிலை இழந்தான், தன்னையும் இழந்தான். நற்றுணையைச் சார்ந்தவன் அவற்றை ஒவ்வொன்றாய் மீளப்பெற்று, பிறனொருவனுக்குத் தானும் சார்பாகின்றான்.

"கடவுட் கொள்கை இல்லாதான் என் செய்வான்?" எனின், அக்கூட்டத்தார் தம்மினும் மேம்பட்ட ஆற்றலொன்றை நம்புக என்பரேயன்றி, இன்ன பெயர் இன்ன வடிவு என வரையறுத்திலர், அவரவர் உணர்ந்தவாறு கொள்ள விட்டனர். அக்கூட்டமொன்றே வழியென்பதும் இல்லை. வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் முதலிய மருந்துகளும், மனநல அறிஞர் நடத்தும் பயிற்சிமுறைகளும் பலரைக் காத்துள்ளன. மருந்து வேண்டுவார் மருந்துண்க; மருந்துண்டல் நம்பிக்கைக் குறைவன்று. ஆயினும் கூட்டத்தின் பயன் வெறும் புகழ்ச்சியன்று. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, 10,565 பேர் பங்குற்ற 27 ஆராய்ச்சிகளை ஒருங்குவைத்து நோக்கி, ஓராண்டு கழிந்தபின் முற்றும் குடியாதிருந்தோர், அக்கூட்டத்தின் வழிப்படுத்தப்பட்டாருள் நூற்றுக்கு 42 பேரும் பிற முறைகளைக் கைக்கொண்டாருள் 35 பேரும் ஆவர் எனக் கண்டது.

"நூற்றுக்கு 42 எனின் எஞ்சிய 58 பேர் வீழ்ந்தனரே; இதுவோ நம்பிக்கை?" எனின், இவ்வினாவிற்கு நேர்மையான விடையே கூறல்வேண்டும். மது முதலியவற்றிற்கு அடிமையாகி மருத்துவம் பெற்றாருள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் ஓராண்டிற்குள் மீளவும் அப்பழக்கத்தில் வீழ்வர். இரத்தக்கொதிப்பும் ஈளையும் உடையார் மருந்துமுறையினின்று வழுவி நோய் மீளப்பெறும் அளவினும் இது மிகுந்ததன்று என்பர் மருத்துவ அறிஞர். ஈளை திரும்பியவனை நாம் ஏசுகின்றோமில்லை. மருந்தை மாற்றி மீளவும் தருகின்றோம். குடிநோய் திரும்பியவனுக்கும் அதுவே முறை. வீழ்ச்சி விரும்பத்தக்கதன்று, சிலர்க்கு அதுவே இறுதியாகவும் முடியும். ஆயினும் அது தீர்ப்பன்று. வீழ்ந்தவன் மறுநாட் காலையில் மீண்டு வருதற்கு ஒரு வாயில் திறந்திருக்கின்றதா என்பதே வினா. ஸ்மித் வீழ்ந்து மீண்ட காலையில் அவ்வாயில் திறந்திருந்தது. அதனாலன்றோ பின்னர்ப் பல்லாயிரவர் பிழைத்தனர்.

நம் நாட்டிலும் இத்தகைய வாயில்கள் திறக்கப்பட்டுள்ளன. தம் கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அத்துயரினுள் அமிழ்ந்துவிடாது, 1980-ஆம் ஆண்டில் கணவர் பெயராலேயே சென்னையில் ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். நோயாளியை மட்டுமன்றி அவன் குடும்பத்தாரையும் உடனிருத்திப் பேணுதல் அந்நிலையத்தின் முறை. குடும்பத்தாரும் துணை வேண்டி நிற்பவரே. வில்சனின் மனைவியார் லோயிஸ் அம்மையார் 1951-இல் குடிநோயாளர் குடும்பத்தார்க்கெனவே 'அல்-அனான்' என்னும் வேறொரு கூட்டத்தை ஏற்படுத்தியதும் இதுகருதியே. மனைவியர்க்கும் பெற்றோர்க்கும் ஒன்று கூறுவாம். அவன் குடிக்கு நீவிர் காரணரல்லீர். அவனை உங்கள் கண்ணீரொன்றே திருத்திவிடவும் மாட்டாது. அவன் குற்றத்தைப் பிறர்க்கு மறைத்து, அவன் கடனைத் தீர்த்து, அவன் பொருட்டுப் பொய்கூறுதல் அன்பென்று எண்ணற்க. அது நோயை வளர்ப்பது. ஏசுதலும் அங்ஙனமே. அடித்துத் துன்புறுத்துவானாயின், உங்களையும் மக்களையும் காத்துக்கொள்ளுதலே முதற்கடன். அவனை மன்னித்தல் பின்னர்ப் பார்த்துக்கொள்ளத்தகும்.

குடியை விட்டு முதல்நாட்களில் நிற்பவர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். 'வாழ்நாள் முழுதும் குடியேன்' என்னும் பேராணையைச் சுமக்க வேண்டா. வாழ்நாள் முழுதும் ஒருவன் கையில் எக்காலத்தும் இருப்பதன்று. இன்று ஒருநாள் இருக்கின்றது. நாளை நிகழ்வதை இன்று செய்தல் யார்க்கும் இயலாது. இன்றைய மாலையைக் கடத்தல் துணையுளதாயின் இயலும். கடந்தவற்றை ஒவ்வொன்றாய் எண்ணுக. ஏழு நாளாகும், முப்பது நாளாகும், ஓராண்டாகும். வேட்கை மூண்டபொழுது அதனோடு தனியிருந்து மற்போர் புரியற்க. எழுந்து ஒருவரிடம் செல்க. அவ்வேட்கை அலைபோல எழுந்து, உயர்ந்து, தணிவது. அது தணியுமளவும் ஒருவர் அருகிருப்பின் போதும். வெட்கம் தடுக்குமாயின், வெட்கம் குடியின் தோழன் என்றறிக. குடிநோய் தனிமையில் வளர்வது.

இறுதியாக, நோயற்ற ஏனையோராகிய நமக்கு. அடியார் கூட்டமெனப் பெயர்பெற்று, திருக்கோயிலில் ஒருங்கு கூடி வணங்கும் நாம், அண்டைவீட்டில் குடியை விட்டு நடுங்கியிருக்கும் ஒருவனுக்குக் கூட்டமாயிலமெனின், அப்பெயர் நமக்கு எங்ஙனம் பொருந்தும்? நாம் செய்யத்தகுவது பெரிதன்று. மதுக்கடை அவனை அழைக்கும் அந்த மாலைப்பொழுதில் ஒருவர் சென்று 'வாரும், கோயிலுக்குப் போய் வருவோம்' என்று அழைத்துச் செல்லலாம். அவன் வராவிடின் அவன் திண்ணையில் சிறிது அமர்ந்து வரலாம். திருமண விருந்தில் அவனைப் புறத்தே நிறுத்தாது அருகிருத்தலாம். வீழ்ந்தான் எனக் கேட்பின் மறுநாளும் செல்லலாம். இவ்வளவே. வெளியிலிருந்து வருதல்வேண்டும் என மேலே கூறிய நம்பிக்கை, அவனுக்கு வரும் வழிகளுள் ஒன்று நம் வீட்டு வாயிலாகவும் இருத்தல் கூடும். அவ்வாயிலை அடையாதிருத்தல் நம் கடன் என்பதே எம் துணிபு.